நேச அணிகளின் பல குரல்களும் நாம் கற்க வேண்டிய பாடமும்

யுத்தமொன்றின் வெற்றி தோல்வியைப் படைபலமும் ஆயுதபலமும் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அந்த யுத்தம் எதற்காக நடத்தப்படுகின்றது என்பதைச் சொந்த மக்களுக்கும், எதிரி நாட்டு மக்களுக்கும், இரண்டிலும் சேராது நடுவில் நிற்பவர்களுக்கும் எடுத்துச் சொல்லும் ஆற்றலும் அதனைத் தீர்மானிக்கின்றது. படை நடவடிக்கை, இராஜதந்திரம், ஊடக அறிக்கை, உளவியல் பிரசாரம் ஆகிய யாவும் ஒரே நோக்கத்தைச் சார்ந்து ஒரே பொருளைச் சொல்லுமாறு ஒழுங்கு செய்வதையே இன்று மூலோபாயத் தொடர்பாடல் என்று அழைக்கின்றனர். தனியொரு நாட்டுக்கே இது கடினமான காரியம். பல நாடுகள் சேர்ந்தமைத்த இராணுவக் கூட்டணிக்கோ இது மிகப்பெரும் சோதனையாகும். தலைக்குத் தலை பெரியதனம் என்பது போல, ஒவ்வொரு தலைநகரமும் தனது மக்களை மனதிற்கொண்டு தனது விளக்கத்தையே கூற முற்படுகின்றது.

நுவரெலியாவுக்குக் கிழக்கே உடப்புசல்லாவையின் தேயிலை மலைகளில் வாழும் மக்களுக்கு இதில் என்ன அக்கறை இருக்க முடியும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இதற்கு நாம் இரண்டு காரணங்களைக் கூறுவோம். இத்தகைய கூட்டணியொன்றின் தலைமைப்பீடம் ஒரு காலத்தில் எமது மலைநாட்டிலேயே அமைந்திருந்தது. அது கற்றுத்தந்த பாடம் இன்றும் பழமையடையவில்லை. அடுத்ததாக, 2023ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையும் பன்னாட்டுக் கடற்படை அமைப்பொன்றில் இணைந்துகொண்டது. அவ்வமைப்பு காவல் புரியும் கடற்பாதையிலேயே எமது தேயிலையின் கணிசமான பகுதியும் பயணம் செய்கின்றது. எனவே கூட்டணிகள் எவ்வாறு பேசுகின்றன, யாரோடு பேசுகின்றன, யாரோடு பேச மறந்துவிடுகின்றன என்பவை எமக்குத் தொலைதூர விடயங்கள் அல்ல.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943 ஓகஸ்ட் மாதம் கனடாவின் கியூபெக் நகரில் கூடிய பிரித்தானிய, அமெரிக்கத் தலைவர்கள் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தை அமைப்பதெனத் தீர்மானித்தனர். அதன் உச்சத் தளபதியாக மவுண்ட்பேட்டன் பிரபு நியமிக்கப்பட்டார். அமெரிக்கத் தளபதி ஜோசப் ஸ்டில்வெல் பிரதி உச்சத் தளபதியானார். முதலில் டில்லியில் இயங்கிய இத்தலைமைப்பீடம் 1944 ஏப்ரலில் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு இடம்பெயர்ந்தது. பர்மாவையும் மலாயாவையும் சிங்கப்பூரையும் மீட்பதற்கான திட்டங்கள் மகாவலிக் கரையில் போடப்பட்ட கொட்டில்களிலேயே தீட்டப்பட்டன.

வெளிப்பார்வைக்கு இது ஒரே கட்டளையின் கீழ் இயங்கிய ஒரே அணியாகும். உள்ளே நோக்கங்கள் வேறுபட்டிருந்தன. தான் இழந்த குடியேற்ற நாடுகளை மீளப்பெறுவது பிரித்தானியாவின் நோக்கமாக இருந்தது. அமெரிக்காவின் கவனமோ சீனாவில் குவிந்திருந்தது. ஜப்பானை எதிர்த்து நின்ற சீனாவுக்கு இந்தியாவிலிருந்து வடபர்மா வழியாகத் தரைப்பாதையைத் திறப்பதே அதற்கு முதன்மையாகத் தோன்றியது. ஆசியாவில் ஐரோப்பியப் பேரரசுகளை மீள நிலைநிறுத்துவதற்காக அமெரிக்க வீரர்கள் உயிரிழக்கின்றனர் என்ற எண்ணம் தமது நாட்டில் பரவுவதை அமெரிக்க அதிகாரிகள் விரும்பவில்லை. கட்டளைப்பீடத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு, இங்கிலாந்தின் ஆசியக் குடியேற்றங்களைக் காப்பாற்றும் அமைப்பு என அமெரிக்கப் படையினர் கேலி பேசியமை வரலாற்று நூல்கள் பலவற்றிலும் பதிவாகியுள்ளது. நேச அணியின் உண்மையான சிக்கலை அந்தக் கேலி ஒரே வரியில் சொல்லிவிட்டது எனலாம்.

இந்நிலையில் ஒருங்கிணைப்புக்கான பொறிமுறைகள் உருவாக்கப்படாமல் இல்லை. பிரித்தானிய, அமெரிக்க இரகசிய அமைப்புக்கள் ஒன்றன் காலை மற்றொன்று மிதிக்காமல் இருப்பதற்காக 'பி பிரிவு' என்ற அலுவலகம் அமைக்கப்பட்டு, பிரித்தானிய அதிகாரியொருவரின் கீழ் அமெரிக்கப் பிரதி ஒருவரும் அமர்த்தப்பட்டார். உளவியல் யுத்தத்துக்கெனவும் தனிப்பிரிவு இயங்கியது. படையினருக்கென 1944 ஜனவரியில் கட்டளைப்பீடத்தின் பெயரிலேயே நாளிதழொன்று கல்கத்தாவில் தொடங்கப்பட்டு, லண்டன் பத்திரிகை உலகில் பெயர்பெற்ற பிராங் ஓவன் அதன் ஆசிரியரானார். தாம் மறக்கப்பட்ட படையினர் என்று மனம் சோர்ந்திருந்த வீரர்களுக்கு அப்பத்திரிகை உற்சாகமளித்தது.

ஆயினும் மக்களை நோக்கிய பிரசாரம் என்று வந்தபோது இரு தரப்பும் பிரிந்தே நின்றன. அமெரிக்கப் போர்த் தகவல் அலுவலகம் பிரித்தானியரோடு கலந்துவிட விரும்பவில்லை. குடியேற்ற ஆட்சியோடு தன்னை இணைத்துப் பார்க்க ஆசிய மக்களுக்கு இடமளிக்கலாகாது என்பதே அதன் கவலையாக இருந்தது. காரியாலயங்கள் அருகருகே இருந்தும் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றாக இருக்கவில்லை.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் பர்மா யுத்தம் பற்றிய திரைப்படங்களாகும். பிரித்தானியாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஒரே ஆவணப்படத்தைத் தயாரிப்பதாகவே முதலில் திட்டமிடப்பட்டது. கதையின் நடுவே நிற்க வேண்டியது பர்மாவின் மீட்பா, சீனாவுக்கான பாதையா என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. இறுதியில் 1945ஆம் ஆண்டிலே பிரித்தானியர் 'பர்மா விக்டரி' என்றும், அமெரிக்கர் 'த ஸ்டில்வெல் ரோட்' என்றும் தனித்தனியே இரண்டு படங்களை வெளியிட்டனர். ஒரே யுத்தத்துக்கு இரண்டு கதைகள் பிறந்தன. இவற்றுக்கு அப்பால், எரோல் ஃபிளின் நடித்த 'ஒப்ஜெக்டிவ் பர்மா' என்ற ஹொலிவூட் படம் பர்மாவை அமெரிக்கர்களே மீட்டனர் என்ற தோற்றத்தைத் தந்தது. 1945இல் லண்டனில் திரையிடப்பட்ட அப்படம் கடும் கண்டனத்தினால் ஒரு வாரத்திலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. 1952 வரை அது அங்கே மீண்டும் திரைக்கு வரவில்லை. பர்மாவில் போரிட்ட பதினான்காவது படையில் பெரும்பான்மையோர் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும், ஆபிரிக்கப் பிரிவுகளும் அங்கு போரிட்டன என்பதும் இரு வல்லரசுகளின் புகழ்ச் சண்டையில் பின்தள்ளப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

பிரச்சினையின் வேர் யுத்தத்தின் நோக்கத்திலேயே இருந்தது. 1941 ஓகஸ்டில் ரூஸ்வெல்டும் சேர்ச்சிலும் வெளியிட்ட அத்திலாந்திக் சாசனம், தமது அரசாங்கத்தைத் தாமே தெரிவுசெய்யும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டெனப் பிரகடனம் செய்தது. அடுத்த மாதமே சேர்ச்சில் பாராளுமன்றத்தில் உரையாற்றுகையில், அது நாஜிகளின் பிடியிலுள்ள ஐரோப்பிய நாடுகளையே முதன்மையாகக் கருதியது என விளக்கமளித்தார். 1942 பெப்ரவரியில் ரூஸ்வெல்ட், அச்சாசனம் முழு உலகுக்கும் பொருந்தும் என்றார். ஒரே ஆவணத்தை வெளியிட்ட இருவர் இரண்டு பொருள் கூறுகையில், கீழேயுள்ள பிரசார அலுவலர்கள் துண்டுப்பிரசுரத்தில் எதனை அச்சிடுவது?

இந்த இடைவெளியை ஜப்பான் நன்கு பயன்படுத்திக்கொண்டது. ஆசியா ஆசியருக்கே என்ற கோஷத்தை அது முன்வைத்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தடைந்த சுபாஷ் சந்திரபோஸ், ஒக்டோபரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ் ஆண்களும் பெண்களும் பெருமளவில் இந்திய தேசிய இராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையணியிலும் சேர்ந்தனர். எமது மலையக மக்களைப் போன்றே தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். விடுதலை என்ற சொல்லை அவர்களிடம் நேரடியாகச் சொல்ல ஒருவர் இருந்தார். நேச அணியினால் அச்சொல்லைத் தயக்கமின்றி உச்சரிக்க முடியவில்லை.

அதேவேளை ஜப்பானின் சொல்லும் செயலும் ஒன்றாக இருக்கவில்லை என்பதையும் நாம் மறைத்தல் தகாது. நல்ல சம்பளமும் குறுகிய கால வேலையும் எனக் கூறியும், பின்னர் பலவந்தமாகவும் மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் - பர்மா ரயில் பாதை அமைக்கும் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெருந்தொகையினர் பசியினாலும் நோயினாலும் மாண்டனர். 1943 நவம்பரில் டோக்கியோவில் ஆசியத் தலைவர்களின் மாநாடு கோலாகலமாக நடைபெற்றபோது, அந்த ரயில் பாதையோரத்தில் தமிழர்களின் புதைகுழிகள் நிறைந்திருந்தன. செயலோடு முரண்படும் பிரசாரம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதன் ஆயுள் குறுகியது. இது அன்றைய எல்லாத் தரப்பினருக்கும் பொருந்தும் உண்மையாகும்.

இக்காலத்தில் எமது மலைநாட்டின் நிலை எவ்வாறிருந்தது? 1942இல் ஜாவா ஜப்பானின் கைக்குப் போனதும், நேசநாடுகளின் தேயிலைத் தேவை இந்தியாவின் மீதும் இலங்கையின் மீதும் சுமத்தப்பட்டது. பிரித்தானிய உணவு அமைச்சு எமது தேயிலையை மொத்தமாகக் கொள்வனவு செய்தது. அதே ஆண்டில் பர்மா வீழ்ந்ததனால் அரிசி வரவு தடைப்பட்டு, நாட்டில் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அரிசியை நம்பியிருந்த தோட்டக் குடும்பங்களின் அடுப்பை அது நேரடியாகத் தாக்கியது. யுத்தத்துக்காக அதிகம் கொழுந்தெடுக்க வேண்டியவர்களும் அவர்களே. யுத்தத்தினால் குறைவாக உண்ண வேண்டியவர்களும் அவர்களே. பிரட்டுக்களத்திலே கூடி நின்ற அம்மக்களுக்கும் அத்திலாந்திக் சாசனம் பொருந்துமா என்ற கேள்விக்கு, சில மணிநேரப் பயணத் தூரத்தில் இருந்த உலகத் தலைமைப்பீடத்திடம் விடை இருக்கவில்லை.

விடை பின்னர் வந்தது. 1945 நவம்பரில் கட்டளைப்பீடம் சிங்கப்பூருக்கு இடம்பெயர்ந்தது. மூன்றாண்டுகள் கழிந்து, சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் அவர்களது வாக்குரிமையும் பறிபோனது. நாடற்ற நிலையில் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எல்லா மக்களுக்கும் உரிமை என உலகுக்கு ஒலித்த யுத்தகாலச் செய்தி, அது ஒலித்த மலையின் அடிவாரத்திலேயே பொருளிழந்து போனமை வரலாற்றின் கசப்பான உண்மையாகும்.

அக்காலத்தின் ஒரு கருவி மாத்திரம் மக்கள் கைக்கு வந்தது. படையினருக்காகக் கட்டளைப்பீடம் நடத்திய வானொலி, கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாற் சிற்றலை ஒலிபரப்பியை நிறுவியது. யுத்தம் முடிந்த பின்னரே, 1946இல் அது முழு வலுவுடன் இயங்கத் தொடங்கியது. 1949இல் இலங்கை அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டு, 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையாக மலர்ந்தது. லயன் அறைகளிலும் தமிழகத்தின் தெருக்களிலும் பல தலைமுறைகள் அதனைச் செவிமடுத்தன. மக்களுக்கு விருப்பமானதை அவர்களது மொழியிலேயே சொன்னதனால்தான் அந்த வானொலியை மக்கள் தமதென்று ஏற்றுக்கொண்டனர். பிரசார அலுவலர்கள் கோடிக்கணக்கில் செலவிட்டும் பெறாத நம்பிக்கை இதுவேயாகும்.

இனித் தற்காலத்துக்கு வருவோம். 1949இல் உருவான வட அத்திலாந்திக் ஒப்பந்த அமைப்பான நேட்டோவில், 2024இல் சுவீடன் இணைந்ததோடு 32 நாடுகள் அங்கம் பெற்றன. அங்கு முடிவுகள் வாக்கெடுப்பின்றி, அனைவரின் இணக்கத்துடனேயே எடுக்கப்படுகின்றன. ஆகவே ஓர் அறிக்கையின் ஒவ்வொரு சொல்லும் எல்லாத் தலைநகரங்களுக்கும் ஏற்புடையதாக அமைய வேண்டும். இதனால் அறிக்கைகள் தாமதமாவதுடன் பொருள் நீர்த்தும் போகின்றன.

1999ஆம் ஆண்டின் கொசோவோ யுத்தத்தில் இது வெளிப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் திகதி ஜகோவிகா அருகே அகதிகள் தொடரணி மீது நேட்டோ விமானங்கள் குண்டு வீசியதில் 70க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சேர்பியர்கள் மீது பழி போகும் வகையிலான விளக்கங்களே முதலில் வந்தன. பின்னர் ஒரு வாகனம் மாத்திரம் தவறுதலாகத் தாக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. ஊடகவியலாளர்களுக்குப் போட்டுக் காண்பிக்கப்பட்ட விமானியொருவரின் குரற்பதிவு, அச்சம்பவத்துடன் தொடர்புடையதன்று என்று பின்னர் தெரியவந்தது. முழு விளக்கம் வருவதற்கு ஐந்து நாட்கள் சென்றன. இதன் பின்னரே பிரித்தானியப் பிரதமரின் ஊடகச் செயலாளர் அலஸ்டெயர் கம்பெல் பிரசல்ஸ் சென்று நேட்டோவின் ஊடகப் பிரிவை விரிவுபடுத்த உதவினார். தலைநகரங்களுக்கிடையே நாளாந்தத் தொலைபேசிக் கலந்துரையாடல்கள் ஒழுங்கு செய்யப்பட்டன. எந்தக் கேள்விக்கு யார், எப்போது பதிலளிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யும் வழக்கம் வலுப்பெற்றது.

அதன் பின்னர் பொறிமுறைகள் பெருகின. 2009இல் மூலோபாயத் தொடர்பாடலுக்கான கொள்கையை நேட்டோ வகுத்தது. 2014இல் லத்வியாவின் ரீகா நகரில் இதற்கெனத் தனியான ஆய்வு மையம் தோன்றியது. ஆனால் ஆப்கானிஸ்தானில் நடந்தது என்ன? ஒரே படையணியில் இருந்தும், அமெரிக்கா அதனைப் பயங்கரவாதத்துக்கு எதிரான யுத்தம் என்றது. ஜேர்மனியோ பல ஆண்டுகளாக யுத்தம் என்ற சொல்லையே தவிர்த்து, மீள்கட்டுமானம் என்றும் ஸ்திரப்படுத்தல் என்றும் தன் மக்களுக்குக் கூறி வந்தது. 2020 பெப்ரவரியில் தலிபான்களுடன் டோஹாவில் அமெரிக்கா தனித்து ஒப்பந்தம் செய்துகொண்டது. 2021 ஓகஸ்டில் காபூல் வீழ்ந்தது. 2011இல் லிபியாவிலும் இவ்வாறே நடந்தது. பொதுமக்களின் பாதுகாப்பே நோக்கம் என நேட்டோ கூறிக்கொண்டிருக்க, அதன் மூன்று பெரிய நாடுகளின் தலைவர்கள் கடாபி பதவியிலிருக்கும் எதிர்கால லிபியாவை எண்ணிப் பார்க்க முடியாதெனப் பத்திரிகையில் கூட்டாக எழுதினர். உலகம் எதனை நம்பியிருக்கும்?

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. உக்ரைன் மீது ரஷ்யா 2022 பெப்ரவரியில் படையெடுப்பதற்கு முன்னரே, அமெரிக்காவும் பிரித்தானியாவும் தமது புலனாய்வுத் தகவல்களைப் பகிரங்கப்படுத்தி உலகை எச்சரித்தன. தொடக்கத்தில் ஐயம் கொண்ட நாடுகளும் படையெடுப்பின் பின்னர் ஒரே குரலில் பேசின. நோக்கம் ஒன்றாக இருந்த காலம் வரை அக்குரலும் ஒன்றாக இருந்தது. 2025 பெப்ரவரி 24ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உக்ரைனும் ஐரோப்பிய நாடுகளும் முன்வைத்த தீர்மானத்துக்கு எதிராக, ரஷ்யாவைப் போன்றே அமெரிக்காவும் வாக்களித்தது. ரீகாவின் ஆய்வு மையமும் பிரசல்ஸின் ஊடகப் பிரிவும் அன்றும் இருந்தன. நோக்கம் பிளவுபட்டபோது அவற்றால் குரலை ஒட்டவைக்க இயலவில்லை. பேராதனையில் கண்ட அதே உண்மை எண்பது ஆண்டுகளின் பின்னரும் மெய்ப்பிக்கப்பட்டது.

இவ்விடத்தில்தான் எமது நாட்டின் பொறுப்பு எழுகின்றது. 2023 நவம்பரில் இலங்கை, பஹ்ரெயினைத் தளமாகக் கொண்ட ஒருங்கிணைந்த கடல்சார் படைகள் என்ற அமைப்பில் இணைந்தது. அதே மாதத்தில் ஹூதிகள் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். டிசம்பர் 18ஆம் திகதி அமெரிக்கா புதிய கடற்பாதுகாப்பு நடவடிக்கையொன்றை அறிவித்து, அதில் பங்குபற்றும் நாடுகளின் பெயர்களையும் வெளியிட்டது. ஸ்பெயின் தான் பங்குபற்றப் போவதில்லையென மறுத்தது. பிரான்ஸும் இத்தாலியும் தமது கப்பல்கள் தமது கட்டளையின் கீழேயே இயங்கும் என்றன. 2024 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் தனியானதொரு நடவடிக்கையைத் தொடங்கியது. நேசநாடுகளைக் கலந்து முடிவு செய்யும் முன் பெயர்ப்பட்டியலை வெளியிடுவது எவ்வளவு பாதகமானது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதற்கிணங்க, அப்பிளவு ஹூதிகளின் பிரசாரத்துக்கே தீனியாயிற்று.

2024 ஜனவரி முதல் வாரத்தில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, செங்கடல் பாதுகாப்புக்காக இலங்கைக் கடற்படைக் கப்பலொன்று அனுப்பப்படுமெனவும், இரு வாரங்களுக்கு 25 கோடி ரூபா செலவாகுமெனவும் தெரிவித்தார். கப்பல்கள் தென்னாபிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேரிட்டால் சரக்குக் கட்டணம் உயருமென்பது அவர் கூறிய காரணமாகும். அக்காரணத்தில் உண்மை இருந்தது. உடப்புசல்லாவையிலும் நுவரெலியாவிலும் அட்டனிலும் பறிக்கப்படும் கொழுந்து கொழும்பு ஏல விற்பனையைக் கடந்து ஈராக், ரஷ்யா, துருக்கி, ஈரான், லிபியா எனப் பல நாடுகளுக்குச் செல்கின்றது. இவற்றில் துருக்கிக்கும் லிபியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்லும் பெட்டிகளுக்குச் செங்கடலே குறுகிய வழியாகும்.

எனினும் அந்த அறிவிப்பு மக்களிடம் எவ்வாறு சென்றடைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பொருளாதார நெருக்கடியிலிருந்து மீண்டுகொண்டிருந்த நாடு இத்தகைய செலவை ஏற்கலாமா என எதிர்க்கட்சியினர் வினவினர். அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாவாகவே இருந்தது. 25 கோடி ரூபா என்பது இரண்டரை இலட்சம் நாட்சம்பளங்களுக்குச் சமமாகும். அத்தொகையைச் செலவிடுவது சரியா, பிழையா என்பதை இங்கு நாம் தீர்ப்பளிக்க முற்படவில்லை. தேயிலைக்காகவே கப்பல் போகின்றதென்றால், அதனை முதலில் தேயிலை பறிப்பவர்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கியிருக்க வேண்டும் என்பதே எமது வாதம். எந்தக் கட்டளையின் கீழ் எமது மாலுமிகள் இயங்குவர், எந்தச் சூழலில் சுடுவதற்கு அனுமதிக்கப்படுவர், எந்த நாட்டைப் பகைப்பதாக அது பொருள்படும் என்ற வினாக்களுக்கும் பாராளுமன்றத்தில் விரிவான விடை வேண்டியிருந்தது.

இந்த வினாக்கள் வெறும் சம்பிரதாயமானவை அல்ல. 2021 டிசம்பரில் இலங்கை, ஈரானுக்குச் செலுத்த வேண்டிய 25 கோடியே 10 இலட்சம் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலை மூலம் அடைப்பதற்கு உடன்பட்டது. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி, ஈரானிய ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி இலங்கைக்கு வந்து உமாஓயா பல்நோக்குத் திட்டத்தைத் திறந்து வைத்தார். உடப்புசல்லாவைக்கு அயலிலுள்ள வெலிமடைப் பகுதியின் நீரைக் கொண்டுசெல்லும் திட்டம் அது. ஹூதிகளின் ஆதரவாளர் என மேற்குலகு சுட்டும் நாட்டின் தலைவர் எமது மலையில் விருந்தினராக நின்றதற்குச் சுமார் மூன்றரை மாதங்களுக்கு முன்னர்தான், ஹூதிகளுக்கு எதிராகக் கப்பல் அனுப்புவதாக நாம் அறிவித்திருந்தோம். இரு தரப்போடும் நட்புப் பேணுவது சிறிய நாட்டின் உரிமை மட்டுமன்றி விவேகமுமாகும். ஆனால் இரு தரப்பிடமும் வெவ்வேறு முகம் காட்டுவதாகத் தோன்றினால் அந்த நட்பே கேள்விக்குள்ளாகும். இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனம் செய்யும் தீர்மானத்தை 1971இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்னின்று நிறைவேற்றிய நாடு எமது நாடாகும். அந்த நிலைப்பாடு இன்றும் தொடர்கின்றதா, மாறியிருந்தால் எவ்வாறு மாறியது என்பதைச் சொந்த மக்களுக்கும் அயல்நாடுகளுக்கும் ஒரே வார்த்தைகளில் கூற அரசாங்கம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கூட்டணிகளின் அனுபவம் எமக்குச் சில தெளிவான நெறிகளைக் காட்டுகின்றது. நோக்கத்தில் உடன்பாடு கண்ட பின்னரே அறிக்கை வெளியாக வேண்டும். தவறு நேர்ந்தால், விசாரணை முடியும் முன் விளக்கம் கூறி மறுநாள் அதனை மாற்றுவதைவிட, தெரிந்ததை மாத்திரம் உடனே கூறுவது மேலானது. எதிரியை ஏமாற்றுவதற்கான உளவியல் பிரசாரமும், சொந்த மக்களுக்கு உண்மையைக் கூறும் ஊடகப் பணியும் ஒரே அலுவலகத்தில் கலக்கக் கூடாது. 2008இல் காபூலிலிருந்த நேட்டோ தலைமையகத்தில் இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சிக்கு அங்கத்துவ நாடுகளிடையே எதிர்ப்பு எழுந்தமை இதனாலேயே ஆகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாருடைய உழைப்பையும் உணவையும் ஒரு முடிவு பாதிக்கின்றதோ, அவர்களையும் செவிமடுப்போராகக் கருத வேண்டும். 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வெளிநாட்டு இராணுவ உடன்பாடுகள் தொடர்பான அறிவித்தல்களும் விளக்கங்களும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவரும் அதே நேரத்தில் தமிழிலும் வெளிவர வேண்டும். அவற்றின் செலவும் கால எல்லையும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். தேயிலை ஏற்றுமதியைக் காரணம் காட்டும் தீர்மானங்களின்போது, தோட்டத் தொழிற்சங்கங்களும் கேட்டறியப்பட வேண்டும்.

பேராதனைப் பூங்காவிலிருந்து உலகுக்குப் பேசிய கட்டளைப்பீடத்துக்கு, பூங்காவுக்கு மேலேயுள்ள மலைகளில் வாழ்ந்தவர்களிடம் சொல்ல ஒரு வார்த்தை இருக்கவில்லை. அது அந்நியர் ஆட்சிக்காலம். இன்று அந்த மக்கள் வாக்குரிமை பெற்ற பிரஜைகள். இனியேனும் அவர்கள் யுத்தச் செய்திகளைக் கடைசியாகக் கேட்டறியும் மக்களாக இருக்கக் கூடாது என்பதே எமது வேண்டுகோளாகும்.